ஒரு நாள் பிந்தி வந்த கடிதம்: பிரித்தானியப் பாராளுமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும், தபால் சேவைக்கும் நாட்டின் காசுக்கும் பொறுப்பான அமைச்சர்களுக்கும்,

கடந்த ஆண்டு நவம்பர் 14ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணிபோல எங்கள் வாசற்கதவுத் துவாரத்தால் ஒரு வெள்ளை உறை விழுந்தது. என் கணவருக்கு ஆஸ்பத்திரியில் இருந்து வந்த கடிதம். உள்ளே தாளில் போட்டிருந்த திகதி நவம்பர் 4. இருதய வைத்திய நிபுணரிடம் வரச்சொல்லிக் குறித்திருந்த நாள் நவம்பர் 13, வியாழன், காலை 9.40. அதாவது முதல் நாள். அந்த 9.40க்கு அவர் குசினி மேசையில் இருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். ஐந்து மாதமாக நாங்கள் எதிர்பார்த்துக்கொண்டிருந்த கடிதம் அது.

இரண்டு கிழமை போக இன்னொரு கடிதம் வந்தது. குறித்த நாளில் அவர் சமுகமளிக்காதபடியால் பெயர் பட்டியலில் இருந்து நீக்கப்படுவதாகவும், திரும்பக் குடும்ப டொக்டரிடம் போய்த் தொடங்கும்படியும் எழுதியிருந்தது. 81 வயது மனிதர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "நான் என்னப்பா பிழை விட்டனான்?" என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கடிதம் எங்கே பிந்தியது என்று எனக்குத் தெரியாது. அச்சடித்த இடத்தில் கிடந்ததோ, வழியில் கிடந்ததோ, யாரையும் குற்றம் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. உறையைக் கையில் எடுத்ததும் நான் முதலில் தேடியது எந்த நாள் தபாலில் சேர்ந்தது என்பதைத்தான். அது அதில் இல்லை. தேடியது தொழில் பழக்கம். 1981 முதல் 2008 வரை, 27 ஆண்டுகள், வடமேற்கு லண்டனில் ஒரு பலசரக்குக் கடைக்குள் இருந்த உப தபாற்கந்தோரில் கவுண்டருக்குப் பின்னால் நின்றவள் நான். ஒவ்வொரு நாள் காலையிலும் கதவு திறக்கமுதல் செய்த முதல் வேலை, திகதி முத்திரையின் எழுத்துகளைக் குறட்டால் திருப்பி, ஒரு கடதாசியில் குத்திப் பார்ப்பது. நாள் பிழைத்தால் எல்லாம் பிழைத்துவிடும் என்று எனக்குப் பழக்கிய அம்மா, அவர் ஒரு ஆங்கிலேயப் பெண்மணி, முதல் நாளே சொல்லித் தந்தார்.

மாற்றமே வேண்டாம் என்று கேட்க நான் வரவில்லை. 2004-05இல் ஆண்டுக்கு 2,000 கோடி கடிதங்கள் போன நாட்டில் இப்போது ஏறத்தாழ 660 கோடிதான் போகின்றன. ஆட்கள் எழுதுவது குறைந்துவிட்டது, தபால்காரரின் பை பொதிகளால் நிறைகிறது. அது எனக்குத் தெரிகிறது. எங்கள் தெருவுக்கு வரும் தபால்காரர் மழையோ பனியோ ஓடி ஓடி வேலை செய்கிற பிள்ளை, அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் குறை முடிவெடுத்தவர்களோடு.

2025 ஜூலை 28 முதல் இரண்டாம் வகுப்புக் கடிதங்கள், அதாவது மலிவான முத்திரையில் மெதுவாகப் போகிறவை, சனிக்கிழமைகளில் இல்லை, மற்ற நாட்களிலும் ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் என்று தபால் சேவையைக் கண்காணிக்கும் ஒஃப்கொம் தீர்மானித்தது. இடம் இடமாக அது நடைமுறைக்கு வருகிறது. அது என்ன என்று விளங்க நான் குசினிச் சுவரில் தொங்கும் கோயில் கலண்டரில் பென்சிலால் குறித்துப் பார்த்தேன். ஒரு கிழமை திங்கள், புதன், வெள்ளி. அடுத்த கிழமை செவ்வாயும் வியாழனும் மட்டும். வெள்ளியைத் தவறவிட்ட கடிதம் செவ்வாய் வரை கிடக்கும். வியாழனைத் தவறவிட்டது திங்கள் வரை. நத்தாரும் வங்கி விடுமுறையும் இடையில் வந்தால் இன்னும் நீளும். நல்ல சுகத்தோடு இருப்பவருக்கு நான்கு நாள் ஒன்றுமில்லை. 9.40க்குப் போகவேண்டியவருக்கு அது எல்லாமே.

இன்னொன்றையும் நீங்கள் யோசிக்கவேண்டும். 1840இல் இந்த நாடு உலகத்துக்கே ஒரு வழி காட்டியது. அதற்குமுன் கடிதத்துக்குத் தூரத்தைப் பார்த்துக் கூலி போட்டார்கள், அதைப் பெரும்பாலும் கட்டியது கடிதத்தைப் பெறுபவர். கட்ட வழியில்லாத ஏழை கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிற்பான். ரோலண்ட் ஹில் என்பவர் அதை மாற்றினார்: அனுப்புபவர் ஒரு பென்னி முற்பணமாகக் கட்டட்டும், நாட்டின் எந்த மூலைக்கும் ஒரே விலை. அந்த ஒரு பென்னி முத்திரையைத் தான் கறுப்புப் பென்னி என்று இன்றைக்கும் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள். இப்போது நடப்பதைப் பாருங்கள். எந்த வகுப்பில் அனுப்புவது என்று தீர்மானிப்பது ஆஸ்பத்திரி, கவுன்சில், ஓய்வூதியத் திணைக்களம். மலிவானதை எடுத்து மிச்சம் பிடிப்பது அனுப்புபவர். பிந்துவதால் வரும் நட்டம் பெறுபவர் தலையில். 185 ஆண்டுகளுக்கு முன் இந்த நாடு இறக்கி வைத்த சுமையை, காசாக இல்லாமல் நாட்களாக, திரும்பவும் அதே ஆளின் தலையில் ஏற்றியிருக்கிறீர்கள்.

முதலாம் வகுப்பில் 100க்கு 93 அடுத்த நாளே போய்ச் சேரவேண்டும் என்பது இலக்காக இருந்தது. 2024-25இல் சேர்ந்தது 77. மூன்று வேலை நாளில் சேரவேண்டிய இரண்டாம் வகுப்புக்கு இலக்கு 98.5, சேர்ந்தது 92.5. அதற்காக 2025 ஒக்டோபரில் தபால் நிறுவனமான ரோயல் மெயிலுக்கு ஒஃப்கொம் 2 கோடியே 10 லட்சம் பவுண் தண்டம் போட்டது. அந்தத் தண்டம் திறைசேரிக்குப் போகிறது. கடிதம் பிந்தியதால் நாள் தவறியவருக்கு அதில் ஒரு பென்ஸ்கூட இல்லை. அதே ஆண்டில் இலக்கையும் 90க்கும் 95க்கும் இறக்கினார்கள். என் பேரன் சோதனையில் சித்தியடையவில்லை என்றால் நான் அவனைப் படிக்கச் சொல்வேன். சித்திப் புள்ளியைக் குறைக்கச் சொல்லிப் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன்.

கிழமையில் ஆறு நாள் கடிதம் கொண்டுவந்து தரவேண்டும் என்பது நீங்கள் 2011இல் நிறைவேற்றிய சட்டம். முதலாம் வகுப்பு ஆறு நாளும் வருவதால் சட்டம் மீறப்படவில்லை என்று சொல்லப்படுகிறது. அதனால் இந்த மாற்றம் உங்கள் சபையில் வாக்கெடுப்புக்கு வராமலே நடந்துவிட்டது. ஆனால் அந்த முதலாம் வகுப்பு முத்திரை 2012இல் 60 பென்ஸ், 2025 ஏப்ரலில் ஒரு பவுண் 70. இரண்டாம் வகுப்பின் விலைக்கு உச்சவரம்பு இருக்கிறது, முதலாம் வகுப்புக்கு இல்லை. ஓய்வூதியத்தில் சீவிக்கும் ஒருவர் ஒரு நத்தார் அட்டைக்கு அந்த விலை கொடுக்கமாட்டார். எங்கள் பக்கத்து வீட்டு அம்மா, 84 வயது ஆங்கிலேயர், போன நத்தாருக்கு முந்தின நத்தாரில் வருஷா வருஷம் அனுப்பும் நாற்பது அட்டையை ஒன்பதாகக் குறைத்தார். யார் யாரை வெட்டுவது என்று பெயர்ப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவர் என் மேசையில் இருந்தபோது நான் அருகில் இருந்தேன். சில பெயர்களுக்கு நேரே பென்சிலை வைத்துவிட்டு அப்படியே எடுத்துவிடுவார்.

அவரிடமே ஒரு பிஸ்கட் டின் நிறையப் பழைய முத்திரையும் இருந்தது, இராணியின் தலை மட்டும் போட்ட சாதாரண முத்திரைகள். 2023 ஜூலை 31க்குப் பிறகு பட்டைக்கோடு இல்லாத அந்த முத்திரைகள் செல்லாது என்பது அவருக்கு யாரும் எழுதித் தெரிவித்த விஷயமில்லை. அவர் அவற்றை ஒட்டி அனுப்பிய கடிதங்களுக்குப் பெற்றவர்களிடம் மேலதிகக் கட்டணம் கேட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய முத்திரைக்காகத் தன் தங்கையிடம் மன்னிப்புக் கேட்டார் அந்த மனுஷி. மாற்றித் தருவார்கள், ஒரு படிவம் இருக்கிறது என்று சொல்லி நானே நிரப்பி அனுப்பிக் கொடுத்தேன். பக்கத்தில் ஒரு பழைய தபாற்கந்தோர்க்காரி இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

ஒரு நாடு தன் மக்களைப் பழையதில் இருந்து புதியதுக்கு எப்படிக் கூட்டிப்போகலாம் என்பதை இந்த நாட்டிலேயே நான் கண்ணால் கண்டேன். 1970 நவம்பரில் 22 வயதில் இலங்கையில் இருந்து வந்தேன். எங்களுக்கு நூறு சதம் ஒரு ரூபாய். இங்கே 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண். கடையில் எனக்குக் கணக்கு வராது. உள்ளங்கையில் காசைப் பரப்பி நீட்டுவேன், கடைக்காரம்மா ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எடுப்பார். ஆனால் நாடு அப்போதே நூறு பென்ஸ் கணக்குக்கு மாற ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. 1971 பெப்ரவரி 15 மாற்றநாள். புதிய 5 பென்ஸும் 10 பென்ஸும் 1968இலேயே கைக்கு வந்து, பழைய ஷில்லிங்கோடும் இரட்டை ஷில்லிங்கோடும் ஒரே அளவில் புழங்கின. வீட்டுக்கு வீடு ஒரு கைநூல் வந்தது. கடைகளில் பழைய விலையும் புதிய விலையும் சேர்த்து எழுதியிருந்தார்கள். ஆறு பென்னிக் காசை ஆட்கள் விரும்பியதால் 1980 வரை விட்டுவைத்தார்கள். ஷில்லிங் 5 பென்ஸாக 1990 வரை செல்லுபடியானது. முணுமுணுப்பு இருந்தது, விலை ஏற்றிவிட்டார்கள் என்ற கோபமும் இருந்தது. என்றாலும் யாரும் கையில் செல்லாக்காசோடு கடை வாசலில் நிற்கவில்லை.

அந்த மாற்றநாளில் முதலாம் வகுப்பு முத்திரை 3 பென்ஸ். அந்த நாள் தபால் ஓடவும் இல்லை. சம்பளம் கேட்டுத் தபால் ஊழியர்கள் 47 நாள் வேலைநிறுத்தம் செய்த காலம் அது. கலியாணம் முடித்து வந்த புதிது, அம்மாவின் நீல ஏரோகிராம் வராத அந்த 47 நாளை நான் எண்ணியிருக்கிறேன். பிறகு யுத்தம் தொடங்கி, யாழ்ப்பாணத்துக்கு மாதக்கணக்கில் தபால் போகாத காலத்தையும் கண்டோம். கடிதம் வராத வீடு எப்படி இருக்கும் என்பது எங்கள் சனத்துக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

இப்போது காசு. நாள் தவறிய பின் குடும்ப டொக்டரிடம் கணவரைக் கூட்டிக்கொண்டு போன நாள் அது. கார் நிறுத்துமிடத்தில் காசு போடும் துவாரத்தை மஞ்சள் நாடாவால் ஒட்டியிருந்தார்கள். மேலே ஒரு கறுப்பு வெள்ளைச் சதுரப் படம், கைபேசியில் செயலியை இறக்கிக் கட்டும்படி ஒரு அறிவித்தல். என்னிடம் இருப்பது பொத்தான் உள்ள சின்னப் போன். என் கைப்பையில் ஒன்பது பவுண் சில்லறை இருந்தது, அவருக்கு மூச்சு வாங்கியது. அவரைக் காருக்குள் விட்டுவிட்டு முன்பின் தெரியாத ஒரு பிள்ளையிடம் காசைக் கொடுத்து, அவளுடைய கைபேசியால் கட்டச்சொல்லிக் கேட்டேன். கட்டித் தந்தாள், புண்ணியம். ஆனால் தன் கையில் இருக்கும் நாட்டின் காசை யாராவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று 77 வயதில் தெருவில் நின்று ஒருவர் கேட்க வேண்டுமா?

லண்டன் பஸ்கள் 2014 ஜூலை 6உடன் காசு வாங்குவதை நிறுத்தின. அதற்குப் பழகிக்கொண்டோம், ஓய்வூதியகாரருக்கு இலவச அட்டை இருந்தது. பிறகு கோப்பிக் கடை, பேக்கரி, நீச்சல் தடாகம். எங்கள் பிரதான வீதியில் இருந்த வங்கிக் கிளைகள் ஒவ்வொன்றாகப் பூட்டின. நீங்கள் 2023இல் சட்டம் இயற்றி, மக்கள் காசு எடுக்கவும் வைப்பிலிடவும் இடம் இருக்கவேண்டும் என்று உறுதி செய்தீர்கள். அதற்கு நன்றி. ஆனால் எடுத்த காசை வாங்கும் கடமை எந்தக் கடைக்கும் இல்லை. 2025 ஏப்ரலில் உங்கள் பொதுச்சபையின் திறைசேரிக் குழுவே இதனால் இரண்டு தட்டுச் சமுதாயம் உருவாகும் என்று எச்சரித்தது. அந்தக் கீழ்த்தட்டில் யார் என்று அந்தக் கார் நிறுத்துமிடத்தில் ஒரு மணித்தியாலம் நின்றால் கண்ணால் காணலாம். வயோதிபர், கண்பார்வை குறைந்தவர், கணவன் கையில் கார்டை வைத்திருக்கும் வீட்டில் ஒளித்துச் சேர்த்த காசோடு வரும் பெண். கடைசியாகச் சொன்னவரை எங்கள் கவுண்டரில் நான் கண்டிருக்கிறேன், ஒருவரை அல்ல.

அந்தக் கவுண்டர் இப்போது இல்லை. 2007க்கும் 2009க்கும் இடையில் மூடப்பட்ட ஏறத்தாழ 2,500 தபாற்கந்தோர்களில் அதுவும் ஒன்று. வியாழக்கிழமை காலை எட்டரைக்கே பென்சன் புத்தகத்தோடு வரிசை நிற்கும். தாளைக் கிழித்து, இரண்டு இடத்தில் குத்தி, காசை எண்ணிக் கொடுக்கும் அந்த ஒரு நிமிஷத்தில் யாருக்குக் கை நடுங்குகிறது, யார் போன கிழமை வரவில்லை என்பது எனக்குத் தெரியும். தமிழில் கேட்டவருக்குத் தமிழில் சொன்னேன். குஜராத்தி அம்மாக்களுக்குப் பக்கத்துக் கவுண்டர்.

இன்றைக்கு அந்த இடத்தில் ஒரு குரல் இருக்கிறது. தவறிய நாளைத் திரும்பப் பெற நான் தொலைபேசி எடுத்தபோது, எதற்காக அழைக்கிறீர்கள் என்று சில வசனத்தில் சொல்லும்படி இயந்திரம் கேட்டது. "கார்டியோலொஜி" என்றேன். விளங்கவில்லை, மன்னிக்கவும் என்றது. மூன்று தரம் சொன்னேன். நான்காம் தரம் இணைப்பு அறுந்தது. 27 ஆண்டுகள் கவுண்டருக்கு இந்தப் பக்கத்தில் இருந்து ஆங்கிலம் பேசியவள் நான், ஒருவரும் விளங்கவில்லை என்று சொன்னதில்லை. கடைசியில் என் பேர்த்தி, 13 வயது, போனை வாங்கிச் சொன்னாள், உடனே விளங்கியது. அதற்குப் பிறகு தன் அம்மப்பாவின் இருதயம் எவ்வளவு பலவீனம் என்பதை அந்தப் பிள்ளை ஒரு அன்னிய ஆளுக்குச் சொல்லவேண்டி வந்தது. சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

2021 குடிசனக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆங்கிலம் நன்றாகப் பேச வராதவர்கள் ஏறத்தாழ 8,80,000 பேர், அறவே வராதவர்கள் 1,61,000 பேர். தமிழை முதன்மை மொழியாகக் கொண்டவர்கள் ஏறத்தாழ 1,25,000. ஆங்கிலம் படிக்கவேண்டியது எங்கள் கடமை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எழுபது வயதுக்குப் பிறகு நெஞ்சுவலி வரும்போது மொழி பின்வாங்கும். ஐம்பது வருஷம் ஆங்கிலம் பேசிய என் கணவர் நோ வந்தால் தமிழில்தான் முனகுகிறார். இயந்திரம் சொன்னதை நம்பி மனிதர் சொன்னதைத் தள்ளினால் என்ன நடக்கும் என்று உங்கள் சபைக்குத் தெரியும். தபாற்கந்தோர்களில் இருந்த ஹொரைஸன் என்ற கணினியின் பிழையான கணக்கை நம்பி 900க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள், 2024 மே மாதம் நீங்களே சட்டம் கொண்டுவந்து அந்தத் தீர்ப்புகளில் பெரும்பாலானவற்றை அழித்தீர்கள். அவர்களில் பலர் என்னைப்போல் கவுண்டருக்குப் பின்னால் நின்றவர்கள். அந்தப் பாடம் படிக்கக் கொடுத்த விலை மிகப் பெரிது.

இந்த மடலைத் தமிழில் எழுதியது, என் மனம் இதில்தான் ஓடுகிறது என்பதாலும், என் சனமும் வாசிக்கவேண்டும் என்பதாலும். என் மகள் இதை ஆங்கிலத்தில் எழுதி என் தொகுதி உறுப்பினருக்கு முதலாம் வகுப்பில் அனுப்புகிறாள். உங்களிடம் நான் கேட்பவை இவை.

ஆஸ்பத்திரி, நீதிமன்றம், உதவித்தொகை சம்பந்தமான கடிதங்கள் எந்த வகுப்பில் போட்டாலும் ஆறு நாளும் விநியோகிக்கப்பட வேண்டும், அதன் செலவை அனுப்பும் திணைக்களம் ஏற்கவேண்டும். தபாலில் சேர்த்த நாள் உறையின் வெளியே தெரியவேண்டும். குறித்த நாளுக்குப் பின் கடிதம் கிடைத்தது என்று நோயாளி சொன்னால், அவர் பெயரை வெட்டாமல் அதே இடத்தில் வைத்து அடுத்த நாள் கொடுக்கவேண்டும். முதலாம் வகுப்பு முத்திரைக்கும் விலை உச்சவரம்பு விதியுங்கள். விநியோக நாட்களை இனி எப்போது குறைப்பதென்றாலும் அது உங்கள் சபையில் விவாதித்து, பெயர் சொல்லி வாக்களித்த பிறகு நடக்கட்டும்.

மருந்துக்கடை, உணவுப்பொருட் கடை, ஆஸ்பத்திரி மற்றும் கவுன்சில் கார் நிறுத்துமிடங்கள் காசை வாங்கியே ஆகவேண்டும் என்று சட்டம் இயற்றுங்கள். அந்த மஞ்சள் நாடாவைக் கழற்றச் சொல்லுங்கள்.

தொலைபேசியில் இயந்திரம் இரண்டு தரம் விளங்கவில்லை என்றால் மூன்றாம் தரம் மனிதர் ஒருவர் எடுக்கவேண்டும். வேல்ஸில் ஒரே கடிதத்தில் இரண்டு மொழி அச்சடிக்கும் அரசாங்கத்திடம் முழுக் கடிதத்தையும் தமிழில் நான் கேட்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமானால் எந்த இலக்கத்துக்கு அழைப்பது என்று ஆஸ்பத்திரிக் கடிதத்தின் அடியில், அந்தப் பகுதியில் கூடுதலாகப் பேசப்படும் மொழிகளில் ஒவ்வொரு வரி போடுங்கள். பிள்ளைகளை வைத்து மொழிபெயர்ப்பதை ஆஸ்பத்திரிகளில் நிறுத்துங்கள்.

அடுத்த முறை முத்திரையையோ காசையோ மாற்றும்போது 1971இல் செய்ததுபோல வீட்டுக்கு வீடு கடதாசியில் எழுதி அறிவியுங்கள், பழையதும் புதியதும் சேர்ந்து செல்லும் காலம் கொடுங்கள்.

என் கணவருக்கு இன்னும் புதிய நாள் கிடைக்கவில்லை. உங்கள் பதிலைக் கடிதமாக அனுப்புங்கள். ஆங்கிலத்தில் இருக்கலாம், எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், அவர் தானே வாசிக்க விரும்புவார்.

இப்படிக்கு,
முன்னாள் உப தபாற்கந்தோர் ஊழியை,
வடமேற்கு லண்டன்